மை பார்க்கும் பிள்ளையும் மூடிப்போன வழக்கும்

வீட்டில் நகை தொலைந்து, காவல் நிலையத்துக்கு நடந்தும் பயனில்லை என்றானபின், “மை போட்டுப் பார்க்கலாமே” என்று சொல்ல ஒருவர் வருவார். திண்டுக்கல் சுற்று ஊர்களில் மட்டுமில்லை, தமிழகத்தின் பல பகுதிகளிலும் இலங்கையிலும் அறியப்பட்ட வழக்கம்தான். வெற்றிலையில் மையைத் தடவி, பருவமெய்தாத ஒரு பிள்ளையை முன்னால் உட்காரவைத்து, கண்கொட்டாமல் பார்க்கச் சொல்வார்கள். “ஏதும் தெரியுதா? ஆம்பளையா, பொம்பளையா? செவத்த ஆளா? எந்தப் பக்கம் போறாப்ல?” மைக்காரர் கேட்கக் கேட்க, பிள்ளை சொல்லிக்கொண்டே போகும்.

தமிழ் அமானுஷ்ய மர்ம நாவல் இந்த வெற்றிலைக்கு அருகில்தான் உட்கார்ந்திருக்கிறது. இருபது வருடங்களுக்கு முன் நடந்த ஒரு கொலை. துப்புத் துலங்காமல் மூடப்பட்ட கோப்பு. பிறர் காணாததைக் காணும் ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து கிணற்றின் பெயரோ கொன்றவனின் அடையாளமோ விழுந்ததும் கோப்பு மறுபடி திறக்கிறது. உலகமெங்கும் எழுதித் தேய்ந்த இந்தச் சட்டகத்தைத் திண்டுக்கல் சமவெளியில் வைத்து எழுதினால் என்ன தேறும், எங்கே சறுக்கும்? இவ்வகை எழுத்தை எடைபோடுகிறவர் பிள்ளையின் கண்ணை விட்டுவிட்டுக் கேள்வி கேட்கும் பெரியவரைக் கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து. அவரை மறைக்கும் நாவல் சறுக்குகிறது. அவரை வெளிச்சத்தில் நிறுத்தும் நாவல் தேறுகிறது.

முதலில் பலம். குடகனாறு வறண்டு கிடக்கும் மாதங்களில் கிணற்றையும் மழையையும் நம்பிப் பிழைக்கும் கரிசலும் செம்மண்ணுமான ஊர்களில், ஒரு குற்றம் யாருக்கும் தெரியாமல் போவது அரிது. பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். சொல்லத்தான் ஆள் இருக்காது. பங்காளி உறவு, சாதிக் கட்டு, வாங்கிய கடன், நாளைக்கும் அதே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய கட்டாயம் என்று வாயை அடைக்கும் காரணங்கள் பல. இந்தக் கணக்குகளை இன்னும் கற்றுக்கொள்ளாத ஒரே ஆள் குழந்தை. ஊர் விழுங்கி வைத்திருக்கும் உண்மை குழந்தையின் வழியாக வெளியே வருவது, அமானுஷ்யத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் சமூக அளவில் நம்பத்தக்க நிகழ்வே. கோடாங்கியின் உடுக்கையும் சாமியாடியின் அருள்வாக்கும் இதே வேலையைத்தான் செய்துவந்தன. தன் பெயரில் சொன்னால் வெட்டு விழும் சொல்லைச் சாமியின் பெயரில் சொல்லிவிடலாம்.

இரண்டாவது பலம் வடிவம் சார்ந்தது. பேயா, மனமா, சூழ்ச்சியா என்ற இழுபறியை இறுதிவரை அறுந்துவிடாமல் பிடித்திருப்பது கடினமான கைவேலை. தமிழில் அது நடந்திருக்கிறது. புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ விளக்கமே தராமல் முடிகிறது. சொல்பவனே கதை கட்டும் எழுத்தாளன் என்பதால் அவனை எவ்வளவு நம்புவது என்ற ஐயமும் கூடவே நிற்கிறது. சுஜாதாவின் ‘கொலையுதிர் கால’த்தில் கணேஷும் வசந்தும் பேய்க்கும் முப்பரிமாண ஒளிப்படிமத் தொழில்நுட்பத்துக்கும் நடுவே அலைக்கழிகிறார்கள். இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டுவிடு கருப்பா’, நாகாவின் இயக்கத்தில் ‘விடாது கருப்பு’ என்று 1990களின் பிற்பகுதியில் தொலைக்காட்சிக்கு வந்தபோது, கருப்பசாமி தண்டிக்கிறார் என்று ஊர் நம்பிய கொலைகளுக்கு உளவியல் விடை ஒன்றையும் சேர்த்தே வைத்தது. காவல் தெய்வத்தின் மீதான பயத்தைக் கேலி செய்யாமல், அந்தப் பயத்துக்குள் ஒரு மனித நோயைக் காட்டியதால்தான் அது நகரத்துப் பார்வையாளரையும் கிராமத்துப் பார்வையாளரையும் ஒருசேரப் பிடித்தது.

திண்டுக்கல் மண்ணுக்கு இதில் ஒரு மூத்த உரிமையும் உண்டு. வத்தலக்குண்டில் 1872இல் பிறந்த பி. ஆர். ராஜமையர், ‘விவேக சிந்தாமணி’யில் 1893 முதல் தொடராக எழுதிய ‘கமலாம்பாள் சரித்திர’த்தில் களவு உண்டு, பேயாண்டித் தேவன் என்ற கள்வன் உண்டு, காணாமல்போகும் குழந்தையும் உண்டு. கதை கடைசியில் வேதாந்தத்தில் போய்ச் சேருகிறது. தமிழின் ஆரம்ப நாவல்களில் ஒன்றே குற்றத்தையும் ஆன்மிகத்தையும் ஒரே கூரையின்கீழ் குடிவைத்துவிட்டது. ஆனால் அந்த நாவலை இன்றும் வாசிக்கவைப்பது அதன் தத்துவ முடிவைக் காட்டிலும் ஊர் வம்பும் கோள்மூட்டலும் வீட்டுக்குள் நடக்கும் பேச்சும்தான். மர்மம் எழுதுகிறவருக்கு இது நல்ல பாடம்.

இனி குறைகள். பிள்ளைக்கு எல்லாம் தெரியும் என்று வைத்துவிட்டால், துப்பறிகிறவருக்கு வேலையில்லை, வாசகருக்கும் வேலையில்லை. தடயம் சேர்ப்பது, பொருந்தாத வாக்குமூலங்களை ஒப்பிடுவது, தவறான ஆளைச் சந்தேகித்துத் திரும்புவது ஆகிய உழைப்பெல்லாம் ஒரு கனவுக் காட்சியில் கரைந்துபோகிறது. இவ்வகை நாவல்களில் பாதிக்கு மேல் விறுவிறுப்பாக ஓடிவிட்டுக் கடைசியில் சப்பென்று முடிவதற்கு முக்கியக் காரணம் இது.

இத்தனைக்கும் நம் சட்டத்தின் நடைமுறையே இதைவிடச் சுவையான சிக்கல்களைக் கையில் தருகிறது. கொலைக்குக் காலவரம்பு கிடையாது. எத்தனை ஆண்டு கழித்தும் வழக்கைத் திறக்கலாம். 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 118ஆம் பிரிவு, கேள்வியைப் புரிந்துகொண்டு அறிவுக்குப் பொருந்தப் பதில் சொல்ல முடிந்தால் குழந்தையும் சாட்சி சொல்லலாம் என்றது. 60ஆம் பிரிவு, கண்டதைக் கண்டவரே சொல்ல வேண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டமும் இந்த அடிப்படைகளை மாற்றவில்லை. ஆக, பிறப்பதற்கு முன் நடந்த கொலையை ஒரு பிள்ளை ‘பார்த்ததாக’ச் சொன்னால் நீதிமன்றத்தில் அதற்கு மதிப்பில்லை. அதே பிள்ளை சுட்டிய கிணற்றில் எலும்பு கிடைத்துவிட்டால்? புலனாய்வு அதிகாரி கையெடுத்துக் கும்பிடமாட்டார். “இது உனக்கு யார் சொன்னது?” என்று கேட்பார். அந்தக் கேள்வி அப்பாவை நோக்கியோ தாத்தாவை நோக்கியோ நகரும்போது நாவல் உண்மையாகவே சூடுபிடிக்கும். பெரும்பாலான எழுத்தாளர்கள் அந்தக் கேள்வியை நெருங்குவதே இல்லை.

இதைவிடப் பெரிய குறை அறம் சார்ந்தது. மை போடுகிற இடத்துக்கே திரும்புவோம். “செவத்த ஆளா?” என்ற கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. சாட்சியை அழைத்துவந்த தரப்பு, விடையை உள்ளே பொதிந்த கேள்விகளைக் கேட்கக் கூடாது என்று நீதிமன்றம் பொதுவாகத் தடுப்பது இதற்காகத்தான். பெரியவர்களின் முகத்தைப் படித்து, அவர்கள் விரும்பும் விடையைத் தருவது பிள்ளைகளின் இயல்பு. அந்த விடை பெரும்பாலும் எளியவர் பக்கமே சாயும்: வீட்டு வேலைக்கு வருகிறவர், புதிதாக வந்த மருமகள், ஒண்டியாய் வாழும் விதவை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள சேலம் ஊரில் 1692இல் நடந்ததும் இதுதான். சிறுமிகள் சிலர் தங்களை வதைக்கும் உருவங்களைக் கண்டதாகச் சொல்ல, முதலில் கைகாட்டப்பட்ட மூவரில் ஒருவர் அடிமைப் பெண், ஒருவர் பிச்சையெடுத்து வாழ்ந்தவர், மற்றவர் நோயாளி. கண்ணுக்குத் தெரியாத உருவத்தைச் சாட்சியமாக ஏற்ற நீதிமன்றம் 19 பேரைத் தூக்கிலிட்டு முடித்தபிறகே ஆளுநர் தலையிட்டு நிறுத்தினார். குழந்தை சொன்னால் பொய்யிருக்காது என்ற நம்பிக்கையை ஒரு நாவல் கேள்வியின்றி ஊட்டும்போது, கைகாட்டப்படுகிறவரின் நிலையையும் அது கணக்கில் எடுத்தாக வேண்டும்.

கருவியாக்கப்படும் பிள்ளைக்கு என்ன ஆகிறது என்பதையும் இந்நாவல்கள் கேட்பதில்லை. வழக்கு முடிந்ததும் அதன் கதையும் முடிகிறது. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் ஒரு குழந்தையிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று வரையறுத்திருக்கிறது: குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் பெற வேண்டும், கேட்கும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது, பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ உடனிருக்க வேண்டும், திரும்பத் திரும்ப நீதிமன்றத்துக்கு இழுக்கக் கூடாது. அந்தச் சட்டம் குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கானது. என்றாலும் அமானுஷ்ய நாவல் எழுத உட்காருகிறவர் அதை ஒருமுறை படித்தால், தன் பாத்திரங்கள் அந்தப் பிள்ளையை எத்தனை முறை காயப்படுத்துகிறார்கள் என்பது விளங்கும்.

ஊரறிந்த உண்மையை வெளியே கொண்டுவர அருள்வாக்கு தவிர வேறு வழியே இல்லையா? திண்டுக்கல் சமவெளியே ஒரு விடை சொல்லியிருக்கிறது. 2021 ஜனவரியில் இப்பகுதி ஆடை ஆலை ஒன்றில் வேலைபார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அதன்பின் அங்கு நிலவிய பாலியல் தொல்லை பற்றி உடன் பணியாற்றிய பெண்கள் பேசினார்கள். அவர்கள் கண்டதும் பட்டதும் தினசரி அனுபவம். இல்லாதிருந்தது அஞ்சாமல் சொல்ல ஓர் இடமும் பொறுமையாகக் கேட்க ஓர் ஆளும். பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் அந்த இடத்தை அமைத்தது. 2022 ஏப்ரலில் கையெழுத்தான ‘திண்டுக்கல் உடன்படிக்கை’, பாலின வன்முறையைத் தடுக்கும் கடமையை ஆலைக்கும் அங்கு ஆடை வாங்கிய பன்னாட்டு நிறுவனத்துக்கும் விதித்தது. இதில் மாயம் ஏதுமில்லை. கேட்பவர் மாறினார், பேச்சு வந்தது.

இதனால் அமானுஷ்ய மர்ம நாவலே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பயமும் ஐயமும் வாசிப்பின் நியாயமான இன்பங்கள். சிறுமலை அடிவாரத்து இருட்டும் மாசித் திருவிழா முடிந்த இரவில் கோட்டை மாரியம்மன் கோயில் தெருவும் அந்த இன்பத்துக்கு ஏற்ற களங்கள். என் நிபந்தனை ஒன்றுதான். பிள்ளையின் பார்வை வழக்கைத் திறக்கலாம், முடித்துவைக்கக் கூடாது. முடிப்பது தடயமாகவும், வாய் திறக்கத் துணிந்த ஒரு பெரியவராகவும் இருக்கட்டும். அந்தப் பெரியவர் இருபது வருடம் ஏன் சும்மா இருந்தார் என்பதை எழுதிக்காட்டும் நாவலுக்கு, பிள்ளைக்கு உண்மையிலேயே சக்தி இருந்ததா என்று நிரூபிக்க வேண்டிய தேவையே இராது.