மேடை வேண்டாம், வகுப்பறை போதும்

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகம் பாடம் கற்க உதவுமா, இல்லை ஆண்டுவிழாவுக்கு அழகு சேர்ப்பதோடு சரியா? தில்லி முனிர்காவுக்கு இந்தக் கேள்வி முக்கியமானது. ஜாட் மக்களின் பழைய கிராமமான இதன் குறுகிய சந்துகளில் இன்று பீகார், மணிப்பூர் என்று பல ஊர்க்காரர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். சுற்றுவட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் இந்தி அல்லது ஆங்கிலம். இப்படி வளரும் பிள்ளை எழுத்துக்கூட்டி வாசித்துவிடும், கதைதான் பிடிபடாது.

கலைகள் படிப்பை உயர்த்துமா என்று ஆராய்ந்த பல ஆய்வுகளை அமெரிக்காவில் எலன் வின்னர், லோயிஸ் ஹெட்லாண்ட் இருவரும் தொகுத்து 2000-இல் வெளியிட்டார்கள். பரவலாகச் சொல்லப்பட்ட பல நன்மைகள் அந்தச் சோதனையில் நிற்கவில்லை. நின்ற சிலவற்றில் ஒன்று வகுப்பறை நாடகம். 80 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், நடித்துப் படித்த பிள்ளைகளுக்குக் கதை நன்றாகப் புரிந்தது. நடிக்காத புதிய கதைகளுக்கும் அந்தப் பலன் ஓரளவு நீண்டது. ஆனால் இது மொழித்திறனுக்குக் கிடைத்த சான்று. கணக்குக்கும் இதையே காட்டி வாதாடுவது நியாயமில்லை.

நடித்தால் கதை புரிவதற்குக் காரணம் எளிது. பாட்டி வடை சுட்ட கதையையே எடுத்துக்கொள்வோம். காகமாக ஒரு பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்து மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும்: "வாயைத் திறந்தா வடை விழும்னு உனக்குத் தெரியாதா?" பதில் புத்தகத்தில் இல்லை. காகத்துக்குப் புகழ்ச்சி ஏன் இனித்தது என்று யோசித்து, சொந்தச் சொற்களில் சொல்லியாக வேண்டும். வாசித்துப் புரிந்துகொள்வது என்பது இதுதான். இதற்கு ஒப்பனையோ திரையோ தேவையில்லை, பத்து நிமிடம் போதும்.

ஆண்டுவிழா நாடகம் இதற்கு நேர் எதிர். நன்றாகப் பேசும் பிள்ளைக்குக் கதாநாயகன் வேஷம், தயங்கும் பிள்ளைக்கு மரம் வேஷம். பேச்சு யாருக்கு அதிகம் தேவையோ அவர்தான் வாய் மூடி நிற்கிறார். வசனம் மனப்பாடமாகிறது, சிந்தனை நடப்பதில்லை.

வழிகாட்ட தில்லியில் அமைப்புகள் இல்லாமல் இல்லை. தேசிய நாடகப் பள்ளி 1989-இல் கல்விக்கான நாடகக் குழுவைத் தொடங்கியது. அதன் கவனம் எட்டு முதல் பதினாறு வயது வரையிலான பிள்ளைகள் மீது. வாசிக்கத் தொடங்கும் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகள் அதற்குள் வருவதில்லை. சி.பி.எஸ்.இ. 2019-இல் கலையை எல்லாப் பாடங்களோடும் இணைக்கச் சொன்னது. நல்ல முடிவுதான். ஆனால் எல்லாப் பாடத்துக்கும் கலை என்றால், ஆசிரியருக்கு எளிதில் முடிவது சார்ட் ஒட்டும் வேலை. நாடகம் பின்னால் போய்விடும். ஐம்பது பிள்ளைகள் நெருங்கி உட்காரும் வகுப்பில் சத்தம் எழும், நேரம் போகும், பாடத்திட்டம் மீதம் நிற்கும் என்ற ஆசிரியரின் கவலையும் உண்மையானது. பயிற்சி தராமல் உத்தரவு மட்டும் போட்டால் அந்தக் கவலை தீராது.

ஆகவே என் தீர்ப்பு இது: நாடகம் மொழிப் பாடவேளைக்குள் வர வேண்டும்; வாரம் இருமுறை, பார்வையாளர் இல்லாமல், எல்லாப் பிள்ளைகளும் பேசும்படி. கணக்கில் அதைத் திணிக்க வேண்டாம். ஆண்டுவிழாவை இதன் பெயரால் நியாயப்படுத்தவும் வேண்டாம். பக்கத்து ராமகிருஷ்ணபுரத்தில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி இருக்கிறது. தமிழை வீட்டில் மட்டுமே கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு அங்குள்ள தமிழ் வகுப்பிலிருந்தே இதைத் தொடங்கலாம். பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறவர்கள், "என் பிள்ளைக்கு என்ன வேஷம்?" என்று கேட்பதை விட்டு, "இந்த வாரம் வகுப்பில் என் பிள்ளை என்ன பேசினாள்?" என்று கேளுங்கள்.