ஊக்கு குத்திய குற்றம்

தந்தை ஏன் விட்டுவிட்டுப் போனார் என்ற கேள்விக்கு 'எ பிராண்ட் நியூ லைஃப்' படம் கடைசிவரை பதில் சொல்வதில்லை. ஒன்பது வயது ஜின்ஹீயிடம் மட்டும் ஒரு பதில் இருக்கிறது. தன்னைப் பரிசோதிக்கும் மருத்துவரிடம் அதைச் சொல்கிறாள். சிற்றன்னையின் கைக்குழந்தையை ஊக்கு குத்திவிட்டது. ஜின்ஹீதான் குத்தினாள் என்று வீட்டில் நினைத்தார்கள். அதனால்தான் இந்தக் காப்பகத்தில் கொண்டுவந்து விட்டார்களாம்.

அந்த ஊக்கைப் படம் எங்கும் காட்டுவதில்லை. பின்னோக்கிப் போகும் காட்சியோ தேற்றும் இசையோ கிடையாது. அழுதுகொண்டே பேசும் சிறுமியின் முகம் மட்டும்தான். காரணம் தெரியாத குழந்தை, பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாவது ஒரு காரணத்தைப் பிடித்துக்கொள்கிறது. கைவிடப்படுதலைப் பற்றி இவ்வளவு துல்லியமாகப் பேசும் காட்சியை நான் அதிகம் பார்த்ததில்லை. ஜின்ஹீயாக நடித்த கிம் சே-ரொனுக்கு இது முதல் படம். 2025 பிப்ரவரியில், 24 வயதில், அவர் இறந்துபோனார் என்பதை மறந்துவிட்டு இந்தக் காட்சியை இனிப் பார்ப்பது கடினம்.

இயக்குநர் ஊனி லெகோம்த் 1966இல் சியோலில் பிறந்து, ஒன்பது வயதில் பிரெஞ்சுக் குடும்பம் ஒன்றுக்குத் தத்துப் போனவர். கதை நடப்பது 1975இல். தயாரிப்பாளர்களில் ஒருவர் லீ சாங்-தொங். 2009இல் கான் விழாவில் திரையிட்டார்கள். சொந்த வாழ்க்கை என்பதற்காகப் படத்துக்குச் சலுகை மதிப்பெண் தர வேண்டியதில்லை. பட்ட துயரம் உண்மையாக இருந்தும் பொய்யாகிப்போன படங்கள் நிறைய உண்டு. இது தப்பித்ததற்குக் காரணம், லெகோம்த் பெரியவராகத் திரும்பி வந்து அந்தச் சிறுமிக்கு எதையும் விளக்க முற்படாததுதான். புது உடுப்பு வாங்கித் தந்து, கையில் கேக்கோடு காப்பகத்தில் விட்டுப் போகும் தந்தையின் முகத்தைக்கூட நாம் பெரும்பாலும் பார்ப்பதில்லை. சொல் க்யொங்-கு போன்ற பெரிய நடிகரை வைத்துக்கொண்டு அவர் முகத்தை மறைக்கத் துணிச்சல் வேண்டும்.

படத்தின் மேல் ஒரு குற்றச்சாட்டு வைக்கலாம். கொரியப் போருக்குப் பிறகு ஏறத்தாழ 2 லட்சம் குழந்தைகள் வெளிநாடுகளுக்குத் தத்துப் போயிருக்கிறார்கள். பெற்றோர் இருந்த பிள்ளைகளையே அனாதை என்று பதிவுசெய்து அனுப்பியதும், அரசு கண்காணிக்கத் தவறியதும் மனித உரிமை மீறல் என்று தென்கொரியாவின் உண்மை, நல்லிணக்க ஆணையம் 2025 மார்ச்சில் அறிவித்தது. படத்திலோ கன்னியாஸ்திரீகள் நல்லவர்கள், நிர்வாகி பொறுமைசாலி. ஏஜென்சி, கட்டணம், அரசாங்கம் எதுவும் கண்ணில் படாது.

குற்றச்சாட்டு பாதி சரி. தேர்ந்தெடுக்கப்படுவது யார் என்பதைப் படம் கூர்மையாகவே பார்க்கிறது. தனக்கு மாதவிலக்கு தொடங்கிவிட்டதை ஜின்ஹீயின் காப்பகத் தோழி சுக்ஹீ மறைக்கிறாள். வயது தெரிந்தால் யாரும் தத்தெடுக்க மாட்டார்கள். கால் ஊனமான யேஷினை, பதின்வயதைத் தொட்டவளை, ஒரு குடும்பம் கூட்டிப்போகிறது. மகளாக அல்ல, வீட்டு வேலைக்கு. யேஷினாக நடிக்கும் கோ ஆ-சொங் வண்டியில் ஏறும்போது முகத்தில் நன்றியும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. ஒவ்வொரு முறையும் மற்ற பிள்ளைகள் வரிசையாக நின்று வழியனுப்புப் பாட்டுப் பாடுகிறார்கள். சந்தை என்ற சொல்லை யாரும் உச்சரிக்காமலே அது சந்தை என்று தெரிந்துவிடுகிறது.

உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது: ஒரு காயம்பட்ட பறவை. ஜின்ஹீயும் சுக்ஹீயும் வளர்க்கிறார்கள், அது சாகிறது, புதைக்கிறார்கள். பறவை யாருக்குப் பதிலாக நிற்கிறது என்பது வந்த நிமிடமே புரிந்துவிடுகிறது. எதையும் சுட்டிக்காட்டாத படத்தில் இது மட்டும் விரல் நீட்டுகிறது. ஆனால் சுக்ஹீ அமெரிக்கா போன பின், ஜின்ஹீ குழி தோண்டிப் படுத்துத் தன் மேலேயே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளும் காட்சியை அதே கணக்கில் எழுத மாட்டேன். முகத்தில் மண் விழுந்ததும் மூச்சு முட்டுகிறது, எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். சாக நினைத்தவளை அவள் உடம்பே விடவில்லை. இதில் குறியீட்டைத் தேட வேண்டியதில்லை.

கொரெ-எடாவின் 'புரோக்கர்' (2022) இதே மண்ணில் எடுத்தது. கைவிடப்பட்ட குழந்தையைச் சுற்றி ஒரு வேன் நிறைய நல்லவர்களைத் திரட்டி, பிறந்ததற்கு நன்றி என்று ஒவ்வொருவருக்கும் சொல்லவைக்கிறது. சாங் காங்-ஹோவுக்கு அதில் கிடைத்த கான் விருது தகும். படம் மட்டும், பார்வையாளர் ஆறுதலோடு வீடு போக வேண்டும் என்று ரொம்பவே கவலைப்படுகிறது. லெகோம்த்துக்கு அந்தக் கவலை இல்லை. பிரான்ஸ் போய்ச் சேரும் ஜின்ஹீக்கு நல்ல வாழ்க்கை கிடைக்கும் என்றோ கிடைக்காது என்றோ அவர் உறுதி தருவதில்லை.

பறவையை வெட்டி எறிந்திருக்கலாம். ஏஜென்சியின் மேசையை ஒரு முறையாவது காட்டியிருக்கலாம். அப்படியும், கொரியத் தத்து வரலாறு பற்றி வந்த கதைப்படங்களில் நான் பார்த்தவற்றுள் இதையே முதலில் வைப்பேன். 'புரோக்கர்' பார்த்து நெகிழ்ந்தவர்கள் இதையும் ஒரு முறை பார்த்துவிட்டு, இரண்டில் எது அந்தக் குழந்தையின் பக்கம் நிற்கிறது என்று தாங்களே முடிவு செய்யட்டும்.