கதைக்கு உள்ளும் புறமும்: ஒரு நிகழ்பட விளையாட்டுக் கட்டுரையைத் தொகுத்தல்

பைனல் பேண்டசி 7 என்பது ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் 1997 சனவரி 31 அன்று சோனி பிளேஸ்டேசன் கருவிக்காக வெளியிட்ட பாத்திரமேற்பு நிகழ்பட விளையாட்டு ஆகும். விளையாடுபவர் ஒரு கதைமாந்தரின் பொறுப்பை ஏற்று, அவரது ஆற்றலை வளர்த்து, நீண்ட கதை ஒன்றைக் கடந்து செல்வது இவ்வகையின் இயல்பு. 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டிலிருந்து இவ்வகை கிளைத்தது. 1986இல் டிராகன் குவெஸ்ட், 1987இல் முதல் பைனல் பேண்டசி ஆகியவை ஜப்பானில் இதை நிலைபெறச் செய்தன.

இத்தகைய விளையாட்டுகளைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதுவது மாணவர்களின் வீண்வேலை என்று கருதுவோர் உண்டு. அக்கருத்து சரியன்று. விளையாட்டுக் கட்டுரை ஒன்றைச் செம்மையாகத் தொகுக்கக் கற்றவர், அதைவிடக் கடினமான ஊர்க் கட்டுரையையும் செம்மையாகத் தொகுக்க முடியும். இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியைப் பற்றிய கட்டுரை அதற்குத் தக்க எடுத்துக்காட்டு. இரண்டிலும் தொகுப்பவர் வரிக்கு வரி கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதைச் சொல்வது யார்?

கதையும் கட்டுரையும்

விளையாட்டுக் கட்டுரைகளில் அடிக்கடி காணப்படும் குறை, கட்டுரை முழுவதும் கதையாகிவிடுவது. பைனல் பேண்டசி 7இன் கதை மிட்கார் என்னும் நகரில் தொடங்குகிறது. ஷின்ரா என்ற நிறுவனம் கோளின் உயிராற்றலை உறிஞ்சி மின்சாரம் ஆக்குகிறது. அதை எதிர்க்கும் சிறு குழுவில் கிளவுட் என்ற இளைஞன் கூலிக்குச் சேர்கிறான். ஆர்வமுள்ள மாணவர் இங்கே தொடங்கி ஒவ்வொரு சண்டையையும் வரிசையாக எழுதிச் செல்கிறார். படித்து முடித்தவருக்குச் செபிரோத் என்ற பகைவனின் வாளைப் பற்றித் தெரியும். அந்த விளையாட்டை உருவாக்கியவர் யார், ஏன் அது பேசப்பட்டது என்பது தெரியாது.

கலைக்களஞ்சியத்துக்கு வேண்டியது பின்னதே. முன்னைய பைனல் பேண்டசி விளையாட்டுகள் நிண்டெண்டோ கருவிகளுக்கு வந்தவை. ஏழாவது விளையாட்டுக்கு முப்பரிமாணக் காட்சிகளும் நீண்ட அசைபடங்களும் திட்டமிடப்பட்டன. அவற்றைத் தாங்க அட்டைப்பெட்டி வடிவ நினைவகம் போதாது என்பதால் குறுவட்டைப் பயன்படுத்திய சோனியிடம் ஸ்கொயர் சென்றது. விளையாட்டு 3 குறுவட்டுகளில் வெளிவந்தது. ஹிரோனோபு சககுச்சி தயாரிப்பாளர், யோஷினோரி கிடாசே இயக்குநர், டெட்சுயா நோமுரா கதைமாந்தர் வடிவமைப்பாளர், நோபுவோ உவேமட்சு இசையமைப்பாளர். இவை கதைக்குப் புறத்தே உள்ள செய்திகள். கதைச்சுருக்கம் இவற்றோடு சேர்ந்து நிற்க வேண்டுமே தவிர, இவற்றை விழுங்கக் கூடாது. புனைவுகளைப் பற்றி எழுதுவோருக்கு ஆங்கில விக்கிப்பீடியாவின் நடைக் கையேடு கூறும் அறிவுரையும் இதுவே: புனைவை அதன் உள்ளிருந்து அல்லாமல் நாம் வாழும் உலகிலிருந்து பார்த்து எழுத வேண்டும்.

கதையின் முடிவைச் சொல்லலாமா என்ற ஐயமும் மாணவர்க்கு எழும். விமர்சனம் எழுதுபவர் அதை மறைக்கலாம். கலைக்களஞ்சியம் மறைக்க இயலாது. முடிவு தெரியாமல் அப்படைப்பின் சிறப்பை விளக்க முடியாது. கதை வெளிப்படும் என்று முன்கூட்டி எச்சரிக்கும் பட்டைகளை ஆங்கில விக்கிப்பீடியா 2007இல் கைவிட்டது இக்காரணத்தால்தான்.

'படைவீரர்' என்ற ஒரு சொல்

கதைச்சுருக்கம் எழுதுவது எளிய வேலை என்று எண்ணுவோருக்கு இந்த விளையாட்டு நல்ல பாடம். கிளவுட் தன்னை ஷின்ராவின் 'சோல்ஜர்' பிரிவில் முன்பு இருந்தவன் என்று சொல்லிக்கொள்கிறான். சோல்ஜர் என்பது இங்கே பொதுச்சொல் அன்று. உடலாற்றல் செயற்கையாகக் கூட்டப்பட்ட சிறப்புப் படைப்பிரிவின் பெயர். கதையின் பிற்பகுதியில், அவன் அப்பிரிவில் ஒருபோதும் இருந்ததில்லை என்பது தெரியவருகிறது. அவன் ஷின்ராவின் சாதாரணக் காவற்படையில் இருந்தவன். ஸாக் என்ற நண்பனின் வாழ்க்கையைத் தன்னுடையதாக நினைவில் வைத்திருந்தான்.

தமிழாக்கம் செய்பவர் 'கிளவுட் ஒரு முன்னாள் படைவீரன்' என்று எழுதினால் என்ன ஆகும்? சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் கதையின் முடிச்சே காணாமற்போகிறது. அவன் சாதாரணப் படைவீரனாக இருந்தது உண்மை, சோல்ஜராக இருந்தது பொய். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் உண்மைக்கும் பொய்க்கும் இடையிலான கோடு அழிந்துவிடுகிறது. பெயரைப் பெயராகவே 'சோல்ஜர் பிரிவு' என்று எழுதி, அது என்னவென்று அரைவரி விளக்குவதே முறை. எல்லாவற்றையும் தமிழ்ப்படுத்த வேண்டும் என்ற ஆர்வம் நல்லது. எது சொல், எது பெயர் என்று பார்த்த பிறகு அந்த ஆர்வம் செயற்பட வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. தன் கடந்த காலத்தைக் கிளவுட் தோழர்களுக்குச் சொல்லும் பகுதியை விளையாடுபவரே இயக்கி நடத்துகிறார். தன் கைகளால் நடத்தியதை யாரும் ஐயுறுவதில்லை. ஆகவே அந்தப் பொய் நினைவு விளையாடுபவரின் நினைவாகவும் ஆகிவிடுகிறது. இதைச் சுருக்கத்தில் எழுதும்போது 'கிளவுட் சோல்ஜராக இருந்தான்' என்பது பிழை. 'இருந்ததாகக் கூறுகிறான்' என்பது சரி. 'இருந்தான்', 'இருந்ததாகக் கூறுகிறான்' என்ற இரண்டு முடிவுகளுக்கும் உள்ள வேறுபாட்டை ஏழாம் வகுப்பு மாணவரும் அறிவார். அதை எங்கே பயன்படுத்துவது என்பதில்தான் தொகுப்பவரின் பயிற்சி இருக்கிறது.

பெயரும் வதந்தியும்

இக்கதையில் மலர் விற்கும் பெண் ஒருத்தி வருகிறாள். 1997இல் வந்த ஆங்கிலப் பதிப்பு அவள் பெயரை 'ஏரிஸ்' என்று எழுதியது. பின்னர் வந்த ஆங்கில வெளியீடுகள் 'ஏரித்' என்று எழுதின. ஜப்பானிய எழுத்தில் இவ்விரண்டு ஒலிகளுக்கும் வேறுபாடு இல்லாததே குழப்பத்தின் காரணம். தொகுப்பவர்கள் ஒருவர் எழுதியதை மற்றவர் மாற்றி, அவர் எழுதியதை முதலாமவர் மீண்டும் மாற்றும் வீண் போர் இத்தகைய இடத்தில் தொடங்கும். தீர்வு எளிது. இப்போது வழங்கும் வடிவத்தைத் தலைப்பில் வைத்து, பழைய வடிவத்தை முதல் பத்தியில் காரணத்துடன் குறிப்பிட்டால் இரு தரப்பு வாசகரும் தேடியதை அடைவர்.

முதல் குறுவட்டின் முடிவில் ஏரித் கொல்லப்படுகிறாள். அவளை மீட்க வழி ஒன்று விளையாட்டில் மறைந்துள்ளது என்ற பேச்சு ஆண்டுக்கணக்கில் உலவியது. பலர் தேடினர். அப்படி ஒரு வழி இல்லை. இறப்பு வாழ்வில் எப்படித் திடீரென வருகிறதோ அப்படியே இங்கும் வர வேண்டும் என்று விரும்பியதாகப் படைப்பாளர்கள் பிற்காலப் பேட்டிகளில் கூறியுள்ளனர். நல்ல கட்டுரையில் மூன்று செய்திகளும் இடம்பெறும்: அவள் இறப்பது கதை, மீட்கலாம் என்பது வதந்தி, இறக்கவைத்த காரணம் படைப்பாளர் கூற்று. கதைக்கு விளையாட்டே சான்று. மற்ற இரண்டுக்கும் வெளிச்சான்று வேண்டும்.

அபிதான சிந்தாமணியின் வழி

தமிழில் இச்சிக்கல் புதிதன்று. தமிழாசிரியர் ஆ. சிங்காரவேலு முதலியார் தனியொருவராகத் தொகுத்த அபிதான சிந்தாமணி 1910இல் வெளிவந்தது. அதை வெளியிட்டது மதுரைத் தமிழ்ச் சங்கம். அச்சங்கத்தை 1901இல் நிறுவிய பாண்டித்துரைத் தேவர் இராமநாதபுரம் சேதுபதி மரபைச் சேர்ந்தவர். ஆகவே தமிழின் முன்னோடிக் கலைக்களஞ்சியத்துக்கும் சேதுநாட்டுக்கும் உறவு உண்டு.

அந்நூலில் புராண மாந்தரும், வரலாற்று அரசரும், புலவரும், மருந்துச் செடியும் அகர வரிசையில் அடுத்தடுத்து நிற்கின்றனர். புராணச் செய்திகள் நடந்தவை போன்ற நடையிலேயே சொல்லப்படுகின்றன. இன்றைய அளவுகோலால் இது குறையாகத் தோன்றலாம். ஆனால் பல பதிவுகளின் இறுதியில் அச்செய்தி எந்த நூலிலிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்பு உள்ளது. பாரதம் என்றோ, ஒரு புராணத்தின் பெயரோ இருக்கும். கதையைக் கதையின் குரலில் சொன்னாலும், குரல் யாருடையது என்பதை அவர் மறைக்கவில்லை. பின்னர் தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் வெளியிட்ட கலைக்களஞ்சியத் தொகுதிகள், துறை அறிஞர்களைக் கொண்டு கட்டுரைகளை எழுதுவித்தன. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியபோது அந்த வேலை பொதுமக்கள் கைக்கு வந்தது. அறிஞரின் பெயர் தந்த நம்பகத்தை இனிச் சான்றுகளும் சொற்களும்தான் தர வேண்டும்.

ஏர்வாடிக் கட்டுரை

கீழக்கரைக்கு அருகில் உள்ள ஏர்வாடியில் சுல்தான் சையது இப்ராகிம் ஷஹீத் பாதுஷாவின் தர்கா உள்ளது. பல சமயத்தவரும் அங்கு வருகின்றனர். சந்தனக்கூடு விழா பெயர்பெற்றது. மனநோயால் துன்புறுவோரைக் குடும்பத்தினர் நலம் வேண்டி அங்கு அழைத்துவருவது நெடுநாளைய வழக்கம். நம்பிக்கையாளரின் மரபை ஒரு விளையாட்டின் புனைகதையோடு சமமாக வைப்பது தவறு. அதைச் செய்ய வேண்டியதும் இல்லை. மேலே கண்ட தொகுப்பு ஒழுங்கு மட்டுமே இங்கும் வேண்டப்படுவது.

முதலாவது, பெயர். திருநெல்வேலி மாவட்டத்திலும் ஏர்வாடி என்ற பேரூர் உண்டு. இரண்டையும் பிரித்துக் காட்டாத கட்டுரையில் ஓர் ஊரின் செய்தி மற்றோர் ஊரின் பக்கத்தில் ஏறிவிடும்.

இரண்டாவது, குரல். பாதுஷா மதீனாவிலிருந்து 12ஆம் நூற்றாண்டில் வந்து இங்கு போரில் உயிர்நீத்தார் என்பது தர்கா மரபு. 'வந்தார் என்பது மரபு' என்று எழுதுவதால் மரபு சிறுமைப்படுவதில்லை. அது யாருடைய நினைவு என்பது தெளிவாகிறது. அதுபோல் 'இங்கு மனநோய் குணமாகும்' என்று கலைக்களஞ்சியம் தன் குரலில் எழுதக் கூடாது. 'குணமாகும் என்று நம்பி வருகின்றனர்' என்று எழுதலாம். ஏரித்தை மீட்கலாம் என்ற வரியை நம்பியவருக்குச் சில மாலைப்பொழுதுகள்தான் வீண். ஏர்வாடிப் பக்கத்தின் வரியை நம்பி ஒரு குடும்பம் மருத்துவத்தை நிறுத்திவிடக்கூடும்.

மூன்றாவது, நிகழ்வு. 2001 ஆகஸ்டு 6 அன்று அதிகாலையில் ஏர்வாடியில் கூரை வேய்ந்த மனநோயாளர் இல்லம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப முடியாமல் சிக்கினர். 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. இதைச் சுருக்கமாக 'ஏர்வாடி தர்கா தீ விபத்து' என்று எழுதுவது பிழை. தீப்பிடித்தது தனியார் நடத்திய இல்லம், தர்கா அன்று. சோல்ஜரைப் படைவீரன் ஆக்கியது போன்ற பிழைதான் இதுவும். ஆனால் இங்கே அது வாழும் மக்களின் மேல் விழுகிறது.

எதிர்ப்பக்கத்துப் பிழையும் உண்டு. ஊருக்கு இழுக்கு என்று கருதி அப்பத்தியை ஒருவர் முழுதும் நீக்கக்கூடும். வேறொருவர் தீயைத் தவிர வேறெதுவும் இல்லாத பக்கமாக அதை மாற்றக்கூடும். முன்னவர் இறந்தவர்களை மறைக்கிறார், பின்னவர் இருப்பவர்களை மறைக்கிறார். தீ, அதன் பின் வந்த நீதிமன்ற ஆணைகள், எவரையும் எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தர்கா, விழா, கடல், மீன்பிடித் தொழில் ஆகிய அனைத்தும் தத்தம் அளவில் இடம்பெற வேண்டும்.

மதிப்பீடு

விளையாட்டுக் கட்டுரையின் நன்மை அதில் பிழை செய்தால் யாருக்கும் தீங்கில்லை என்பதே. நீச்சல் கற்பவர் முதலில் குளத்தில் இறங்குவது போல, தொகுக்கக் கற்பவர் தாம் நன்கு அறிந்த ஒரு கதையில் தொடங்கலாம். கதைச்சுருக்கத்தைப் பாதியாகக் குறைத்தல், ஒவ்வொரு கூற்றுக்கும் உரியவரைக் கண்டறிதல், பெயரையும் சொல்லையும் பிரித்தல், வதந்தியை வதந்தி என்று எழுதுதல், மாற்றத்துக்கான காரணத்தை உரையாடல் பக்கத்தில் பணிவாக விளக்குதல் ஆகிய ஐந்தும் அங்கேயே பழகிவிடும்.

அங்கேயே நின்றுவிட்டால் அது பொழுதுபோக்கு மட்டும்தான். ஓர் ஊரின் பக்கத்தை எழுத ஆள் இல்லாதபோது, பிறமொழிச் செய்தித்தாள்களின் ஒற்றைத் தலைப்பே அவ்வூரின் வரலாறாகிவிடும். கிளவுட்டின் பொய் நினைவைக் கண்டுபிடித்துத் திருத்தத் தெரிந்த மாணவர், அடுத்ததாகத் தம் ஊரின் பக்கத்தைத் திறந்து அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.