குறுக்கும் நெடுக்குமாக நாலு கட்டம்

கோவை மாவட்டத்தின் 2011 கணக்கெடுப்பை ஓர் இருவழி அட்டவணையாகப் போட்டுப் பாருங்கள். குறுக்கே ஆண், பெண் என இரண்டு வரிசை. நெடுக்கே எழுத்தறிந்தோர், அறியாதோர் என இரண்டு பத்தி.

மாவட்டத்தில் ஆண்கள் 17,29,297, பெண்கள் 17,28,748. ஏறக்குறையச் சரிசமம். ஏழு வயது நிரம்பியவர்களில் எழுத்தறிவு சுமார் 84 சதவீதம். ஓரத்து மொத்தங்கள் இதோடு நிறுத்திக்கொள்ளும். உள்கட்டங்களுக்குள் நுழைந்தால்தான் சங்கதி புரியும்: ஆண்களில் சுமார் 89 சதவீதம், பெண்களில் சுமார் 79 சதவீதம்.

ஒரு நுணுக்கம் உண்டு. எழுத்தறிந்த பெண்களை, ஏழு வயது நிரம்பிய பெண்களின் மொத்தத்தால் வகுக்க வேண்டும்; எழுத்தறிந்தோர் மொத்தத்தால் வகுத்தால் கிடைப்பது வேறொரு கேள்விக்கான விடை.

சராசரி மூடிவைப்பதை இந்த நாலு கட்டம் திறந்து காட்டிவிடும். புள்ளியியலில் முதலில் பழக வேண்டிய கருவி இதுதான்.