பழஞ்சொல்லுக்குப் புத்தாடை எதற்கு?

கட்டற்ற மென்பொருள்களின் விளக்க ஏடுகளைத் தமிழாக்குவோர் போற்றத்தக்கவர். ஆயினும், மூலத்தில் வழக்கொழிந்த சொல் இருப்பின் அதனையும் தமிழாக்குவது முறையாமோ?

1981ஆம் ஆண்டு நெறிப்படி, வலையமைப்புகளுக்குரிய முகவரிகள் ஏ, பி, சி என மூன்று வகுப்புகளாக வழங்கப்பட்டன. சி வகுப்பில் 256 முகவரிகள். பி வகுப்பில் 65,536. முந்நூறு கணினிகளுடைய அலுவலகத்திற்கு முன்னது போதாது; பின்னது பெரும்பாலும் வீண். இக்குறை களையவே 1993இல் வகுப்புமுறை கைவிடப்பட்டது. முகவரியின் 32 இருமக் கூறுகளுள் வலையமைப்பைச் சுட்டுவன எத்தனை எனச் சாய்கோட்டின்பின் எழுதுவதே இன்றைய முறை. அவ்வாறு 23 என எழுதின், 512 முகவரிகள் கிட்டும்.

எனினும், பல ஏடுகளில் ‘சி வகுப்பு’ இன்னும் வாழ்கின்றது. அதைப் படித்த நம் கோலா தெர்லாத் தோட்டத்து மாணவன், கருவியில் ‘/24’ எனக் கண்டு திகைக்க மாட்டானா? ‘வகுப்பு’ என்றால் அவன் அறிந்தது பள்ளி வகுப்பன்றோ!

மூலத்திற்கு உண்மையாயிருத்தலே மொழிபெயர்ப்பாளன் கடன் என்பர் சிலர். உண்மைதான், ஆனால், திருத்தம் முன்மொழியும் உரிமையைக் கட்டற்ற மென்பொருள் எவர்க்கும் தருகின்றதே! முதலில் மூலத்தைத் திருத்துக; பின்னர்த் தமிழாக்குக. வரலாறு கூறுமிடத்தில் பழஞ்சொல் ஆண்டோடு நிற்கட்டும், வழிகாட்டுமிடத்தில் வேண்டா.