எட்டு மணி வடையும் ஒரு ரூபாய் டீயும்!

புதிதாக வேலை தேடும் பையன்கள் என்னிடம் முதலில் கேட்பது, “அண்ணே, பிடித்தம் போக கையில எவ்வளவு வரும்?” என்பதுதான். நான் உடனே திருப்பிக் கேட்பேன்: “அது இருக்கட்டும் தம்பி, அங்க கேன்டீன் எப்படி?” ஒரு கம்பெனி தன் ஆட்களை எப்படி வைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது. ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் மெஷின் ஷாப்பில் வேலை பார்க்கிறேன். எங்கள் கேன்டீனைப் பற்றி யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், சொல்லிக்கொண்டே இருப்பேன். அப்படி ஒரு கேன்டீன் அது!

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். டீ 1 ரூபாய். வடையோ போண்டாவோ சுண்டலோ 2 ரூபாய். ஐடி கார்டைப் பஞ்ச் செய்தால் போதும், மாதக் கடைசியில் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். மீதி விலையைக் கேன்டீன் கான்ட்ராக்டருக்குக் கம்பெனி கட்டுகிறது. கேட்டைத் தாண்டினால் டீ 15 ரூபாய், வடை 10 ரூபாய். ஒரு நாளைக்கு இரண்டு டீ, ஒரு வடை என்று வையுங்கள். மாதம் 26 வேலை நாளுக்கு உள்ளே ஆகும் செலவு 104 ரூபாய். வெளியே 1,040 ரூபாய். மிச்சமாகும் 936 ரூபாய் கிட்டத்தட்ட ஒரு கேஸ் சிலிண்டர் காசு. சம்பள உயர்வு என்று யாரும் பெயர் வைக்காத சம்பள உயர்வு இது!

ஆனால் காசுக் கணக்கோடு இதை முடித்துவிட முடியாது. எங்கள் முதல் ஷிப்ட் காலை ஆறு மணிக்கு. காஞ்சிபுரம், உத்திரமேரூர், மதுராந்தகம் பக்கமிருந்து வருகிறவர்களுக்குக் கம்பெனி பஸ் நாலரை மணிக்கே வந்து நின்றுவிடும். அந்த நேரத்தில் எந்த வீட்டில் அடுப்பு எரியும்? பாதிப் பேர் பச்சைத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார்கள். குழந்தையைத் தூக்கத்தில் விட்டுவிட்டு ஓடிவரும் பெண்கள் அதுகூட இல்லாமல் வருகிறார்கள். அவர்களுக்கெல்லாம் அன்றைய முதல் வாய் எங்கள் கேன்டீனில்தான்.

எட்டு மணிக்குப் பெல் அடிக்கும். பத்து நிமிஷம். கையில் ஒட்டிய கூலன்ட்டைக் காட்டன் வேஸ்ட்டில் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு போனால், கவுன்ட்டருக்குப் பத்தடி முன்பே சோம்பு வாசனை ஆளை இழுக்கும். திங்கட்கிழமை மசால் வடை நாள். பெரிய அலுமினியத் தட்டில் துணியை விரித்து, வாணலியிலிருந்து நேராகக் கொட்டிக்கொண்டே இருப்பார்கள். விரலில் சுடும். பிட்டால் ஓரம் மொறுமொறுவென்று உடையும், நடுவில் மெத்தென்றிருக்கும். அரைபடாத கடலைப்பருப்பு ஒன்றிரண்டு பல்லில் சிக்கும். வெங்காயமும் கறிவேப்பிலையும் கஞ்சத்தனமில்லாமல் போட்டிருப்பார்கள். அதோடு டம்ளர் நிறைய இஞ்சி தட்டிப் போட்ட டீ. இரண்டாவது வாய் டீ தொண்டையில் இறங்கும்போது, இன்னும் ஆறு மணி நேரம் நிற்கலாம் என்ற தெம்பு காலுக்கு வந்துவிடுகிறது. சத்தியமாகச் சொல்கிறேன்!

செவ்வாய்க்கிழமை கொண்டைக்கடலைச் சுண்டல், தேங்காய்த் துருவலோடு. புதன் உளுந்து வடை. வியாழன் அவித்த வேர்க்கடலை. வெள்ளி கேசரி. சனி போண்டா. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தனி கேனில் சர்க்கரை போடாத டீ. சித்திரை, வைகாசியில் ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவுக்கு நீர்மோர் தனியாகப் போகும், அதற்குக் காசே கிடையாது. ஃபர்னஸ் பக்கத்தில் நின்றால் சட்டை நனைந்து, காய்ந்து, உப்புப் பூத்துவிடும். வியர்வையில் போன உப்பும் நீரும் உடம்புக்குத் திரும்பியாக வேண்டும். பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் மிதக்கும் அந்த மோரை இரண்டு டம்ளர் குடித்தவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

நைட் ஷிப்ட்டில் இரண்டு மணி டீயை நான் தெய்வமாகவே நினைக்கிறேன். உடம்பு படுக்கையைத் தேடும் நேரம் அது. ஓடுகிற மெஷினுக்கு முன்னால் ஒரு நொடி கண் செருகினால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். அப்போது ட்ராலியைத் தள்ளிக்கொண்டு லைனுக்கே வந்துவிடுவார் கேன்டீன் அக்கா. சூடான டீ, ஒரு பன். “கண்ணு, சாப்பிட்டுட்டுப் போய் நில்லு” என்று அவர் சொன்னால் சூப்பர்வைசரே ஒதுங்கி வழிவிடுவார்.

இதையெல்லாம் முதலாளியின் இரக்கம் என்று நினைக்க வேண்டாம். பின்னால் சட்டம் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 46-ஆவது பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலைகளில் கேன்டீனைக் கட்டாயமாக்க மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது. அதை நிர்வகிக்கும் கமிட்டியில் தொழிலாளர்களுக்கு இடம் உண்டு என்றது. கேன்டீன் நடத்தும் செலவில் குறிப்பிட்ட இனங்களை உணவு விலையில் ஏற்றாமல் முதலாளியே ஏற்க வேண்டும் என்பது 1987-இல் வந்த திருத்தம். 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த 250-ஐ, கான்ட்ராக்ட் தொழிலாளர்களையும் சேர்த்து 100 ஆகக் குறைத்தது. ஆகவே, டம்ளரை நீட்டும்போது தலைகுனிய வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. காசு கொடுத்து, உரிமையோடு வாங்கிக் குடிக்கிறோம். இந்த மரியாதைதான் எனக்கு வடையைவிட ருசி!

எங்கள் கேன்டீன் கமிட்டியைப் பாராட்டாமல் இருக்க முடியாது. ஒரு முறை பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சக் கூடாது என்று உறுதியாக நின்று, வாணலியை நேரில் போய்ப் பார்ப்பவர்கள் அவர்கள்தான். வாரம் முழுக்க எண்ணெய்ப் பலகாரமே வேண்டாம், சுண்டலும் கடலையும் சேருங்கள் என்று பேசி வாங்கியதும் அவர்கள்தான். டீ தண்ணியாக இருந்தால் அன்று மாலையே புகார்ப் புத்தகத்தில் ஏறும், மறுநாள் காலை டீ நிறம் மாறியிருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த வரிசை! பிளான்ட் ஹெட் தட்டோடு நிற்பார். அவருக்குப் பின்னால் ஒடிசாவிலிருந்து வந்த கான்ட்ராக்ட் பையன். அவனுக்குப் பின்னால் ஐடிஐ முடித்து வந்த அப்ரண்டிஸ் பெண். மூன்று பேருக்கும் ஒரே வடை, ஒரே 2 ரூபாய். புரொடக்‌ஷனும் குவாலிட்டியும் ஃபோனில் கத்திக்கொண்ட சண்டைகள் டீ மேஜையில் அடங்குவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு பார்ட்டில் போர், அதாவது துளையின் அளவு கூடிக்கூடி ரிஜெக்ட் ஆகிக்கொண்டிருந்தது. மீட்டிங்கில் தீராத அந்த விஷயம், “ஃபிக்சர் கிளாம்ப் லூசா இருக்குங்க சார்” என்று ஒரு ஆபரேட்டர் டீயை ஊதிக்கொண்டே சொன்ன வார்த்தையில் தீர்ந்தது. மீட்டிங் ரூமுக்கு அவரை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். டீ மேஜைக்கு எல்லோருமே வருகிறார்கள்.

பத்து, ஐம்பது பேரை வைத்துப் பட்டறை நடத்தும் முதலாளிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்குச் சட்டக் கட்டாயம் இல்லைதான். பெரிய சமையல்கூடமும் வேண்டியதில்லை. பக்கத்து டீக்கடைக்காரரிடம் பேசி, பாதி விலையை நீங்கள் ஏற்றுக்கொண்டு, ஒரு நாளைக்கு இரண்டு வேளை டீயும் ஒரு கப் சுண்டலும் வரவழையுங்கள். வேலை நேரத்தில் தரும் டீ, சிற்றுண்டி தொழிலாளியின் வருமான வரிக் கணக்கிலும் சேராது. கான்ட்ராக்ட் ஆள், பயிற்சி ஆள் என்று பிரிக்காமல் எல்லோருக்கும் ஒரே விலை வையுங்கள். உங்கள் டீயையும் அந்த மேஜைக்கே கொண்டுவரச் சொல்லி, அவர்களோடு உட்கார்ந்து குடியுங்கள். ஒரு மாதம் செய்து பாருங்கள், பிறகு நிறுத்த உங்களுக்கே மனசு வராது!