ஆத்திரத்தை அடக்கியது போதுமா?

கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் செவ்வாய்க்கிழமைகளில் மெழுகுதிரி ஏற்ற வருவோரில் இந்துக்களும் பௌத்தர்களும் ஏராளம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று அங்கேயே இஸ்லாமியத் தீவிரவாதிகளின் குண்டு வெடித்தது. கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு தேவாலயங்களிலும் கொழும்பு விடுதிகளிலும் நடந்த தாக்குதல்களையும் சேர்த்து 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் கத்தோலிக்கத் திருச்சபை நடந்துகொண்ட விதத்தை எப்படி மதிப்பிடுவது?

அளவுகோலைத் திருச்சபையே தந்திருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ‘நோஸ்த்ரா ஏத்தாத்தே’ அறிக்கை, முஸ்லிம்களுடனான பழம்பகையை மறந்து, சமூக நீதிக்காகவும் சமாதானத்துக்காகவும் சேர்ந்து உழைக்கச் சொல்கிறது. பகையை விடுவது முதல் கடமை. நீதிக்காகச் சேர்ந்து நிற்பது அடுத்தது.

முதல் கடமையில் திருச்சபை தேறியது. முஸ்லிம்கள் மீது கை ஓங்காதீர்கள் என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் உடனே வேண்டினார். மே மாதம் நீர்கொழும்பில் கலகம் வெடித்தபோதும் அமைதி காக்கச் சொன்னார். பிள்ளைகளைப் புதைத்துவிட்டு நின்ற மக்களிடம் அப்படிக் கேட்பது எளிதல்ல. அந்தச் சொல்லுக்கு மக்களிடம் மதிப்பும் இருந்தது.

அடுத்த கடமையில்தான் சறுக்கல். முஸ்லிம் ஆளுநர்கள் இருவரையும் அமைச்சர் ஒருவரையும் நீக்கக் கோரி பௌத்த பிக்கு அத்துரலியே ரத்தன தேரர் கண்டியில் உண்ணாவிரதம் இருந்தார். ஜூன் 3 அன்று கர்தினால் அங்கே சென்று அவரைச் சந்தித்தார். அன்றே ஆளுநர்கள் விலகினர். முஸ்லிம் அமைச்சர்களும் கூட்டாகப் பதவி துறந்தனர். பாதுகாப்புக் குறைபாட்டுக்குப் பொறுப்புக் கேட்பது கர்தினாலின் உரிமை என்று வாதிடலாம். ஆனால் நீதிமன்றம் எதுவும் குற்றம் காணாதவர்களை வெளியேற்றக் கேட்ட மேடை அது. அச்சத்தில் உறைந்திருந்த ஒரு சமூகம் அந்தச் சந்திப்பை எப்படிப் பார்த்திருக்கும்?

ஜெனீவா விஷயத்தில் இன்னொரு முரண். உள்நாட்டுப் போர்க்காலப் பொறுப்புக்கூறல் குறித்து ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் வந்த தீர்மானத்தை 2012இல் எதிர்த்த கர்தினால், உயிர்த்த ஞாயிறு வழக்குக்காக 2022இல் அதே பேரவையை நாடினார். இதற்கு மாறாக, மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011இல் நல்லிணக்க ஆணைக்குழு முன் அரசின் கணக்குகளையே வைத்தார்: 2008 அக்டோபரில் வன்னியில் 429,059 பேர், போர் முடிந்து அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தோர் 282,380 பேர். மீதி 146,679 பேர் எங்கே என்று கேட்டார். அவர்களில் மிகப் பலர் இந்துக்கள். அந்தக் கேள்வி மத எல்லையைத் தாண்டியது; தமிழ் ஆயர் தமிழருக்காகக் கேட்டதால், இன எல்லையைத் தாண்டும் சோதனை மட்டும் அதில் இல்லை.

ஆகவே என் தீர்ப்பு இது: இலங்கைத் திருச்சபை தன் மக்களின் பழிவாங்கலைப் பெருமளவு தடுத்தது, அது பெரும் சாதனை. சமாதானத்தைக் கட்டியெழுப்பியது என்று சொல்ல அது மட்டும் போதாது. கட்டுவாப்பிட்டிக்குக் கேட்கும் சுதந்திர விசாரணையை, போரின் இறுதிக் களமான முள்ளிவாய்க்காலுக்கும், 2019 மே மாதம் தாக்கப்பட்ட முஸ்லிம் ஊர்களுக்கும் அதே குரலில் கேட்க வேண்டும். அதுவரை மதங்களுக்கிடையிலான அதன் உரையாடல் அரைகுறையே.